அட்வென்ச்சர் வண்டியின் பராமரிப்பும் எடிட்டர் தேர்வும்: ஒரே ஆளிடம் கேட்ட இரண்டு கேள்விகள்

கோயம்புத்தூரில் நான்கு ஆண்டுகளாக மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் நெடுந்தூரம் போகும் பைக்கான அட்வென்ச்சர் வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் பராமரிப்பு கையைக் கடிக்கும் என்று அலுவலகத்தில் எல்லோரும் பயமுறுத்துகிறார்களாம், அது உண்மையா, வாங்கினால் எந்த வண்டி என்பது முதல் கேள்வி. ஹிமாலயன் பைக்கை வைத்துக்கொண்டு மலை மலையாகச் சுற்றுகிற நான் இன்றும் விம் என்ற பழைய எடிட்டரில் நிரல் தட்டிக்கொண்டிருப்பது வெறும் பழக்கதோஷமா, அல்லது காரணம் உண்டா, செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் உட்பட அவர் எந்தக் கருவிகளைப் பழக வேண்டும் என்பது இரண்டாவது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்வென்ச்சர் வண்டிக்கு ஆகும் பணம் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இல்லை. ஆனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை அது கேட்கும், அதைக் கொடுக்க மனமில்லாதவர் வாங்காமல் இருப்பதே நல்லது. எடிட்டர் எதுவாக இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பழுதானால் திறந்து பார்க்க முடிகிற கருவிகளையே அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கும் கருவிக்கும் என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான். நன்றாக ஓடுகிற நாளில் அது எப்படி இருக்கும் என்பதை விளம்பரமே சொல்லிவிடும். நடுவழியில் நின்றுபோகிற நாளில் நான் எதைத் தொட்டுப் பார்க்க முடியும், யாரிடம் கேட்க முடியும் என்பதை மட்டும் நான் விசாரித்து வைத்துக்கொள்வேன்.

இந்த வகை வண்டிகளின் கதையை 1980இல் பி.எம்.டபிள்யூ வெளியிட்ட ஆர்80 ஜி/எஸ் வண்டியிலிருந்து தொடங்குவது வழக்கம். தார்ச்சாலையில் நெடுந்தூரம் போகவும், தார் முடிந்த இடத்தில் மண்ணில் இறங்கவும் ஒரே வண்டி என்பது அதன் எண்ணம். அடுத்த ஆண்டே ஊபெர் ஓரியோல் அதே வகை வண்டியில் பாரிஸ்-டக்கார் பந்தயத்தை வென்றார். நம் ஊரில் அந்த எண்ணத்தை நடுத்தரச் சம்பளக்காரர் எட்டும் விலைக்குக் கொண்டுவந்த வண்டிகளில் முக்கியமானது, 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 411 சிசி ஒற்றைச் சிலிண்டர், காற்றாலும் ஆயிலாலும் குளிரும் எஞ்சின், 24 குதிரைத்திறனும் சொச்சமும், 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, முன்னால் 21 அங்குலச் சக்கரம், தரைக்கும் எஞ்சினின் அடிப்பகுதிக்கும் இடையே 220 மி.மீ. இடைவெளி, 15 லிட்டர் டேங்க். சிலிண்டரின் விட்டம் 78 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 86 மி.மீ.; ஓட்டம் விட்டத்தைவிட நீளமாக இருக்கும் எஞ்சின், குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும், உச்ச வேகத்தில் முனகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அவசரமில்லாமல் ஏறுவதற்கு இதைவிட இதமான எஞ்சின் எனக்குத் தெரியாது. அதே வண்டியை நான்குவழிச் சாலையில் 120க்கு விரட்ட நினைப்பவருக்கு மிஞ்சுவது எரிச்சல்தான்.

என்னுடையது 2018ஆம் ஆண்டு வண்டி; கார்புரேட்டருக்குப் பதிலாக ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்ட பிந்தைய வார்ப்பு. இதுவரை 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: எடை 190 கிலோவுக்கு மேல். அவிநாசி சாலை நெரிசலில் தினமும் அலுவலகம் போய் வருவதற்கு இவ்வளவு எடையும் உயரமும் தேவையே இல்லை. மண்பாதையில் வண்டி சாய்ந்தால், தனியாக இருக்கும்போது அதைத் தூக்கி நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான். முதுகை வண்டிப்பக்கம் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, காலால் உந்தி எழும் முறையை வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளுங்கள். முன்பக்கமாகக் குனிந்து தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் வண்டியும் ஓடாது ஆளும் ஓடமாட்டார்.

இனி பராமரிப்பு. இதில் பாதிக்கு மேல் செயின்தான். 500 கி.மீ. ஓடியதும், அல்லது மழையில் நனைந்த மறுநாள், வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத் துணியால் செயினைத் துடைக்கும் சோம்பேறித்தனம் விரலைக் கொண்டுபோய்விடும். செயினின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் கிரீஸை அடைத்து வைத்திருக்கும் ஓ-ரிங் என்ற சிறு ரப்பர் வளையங்கள் இருக்கின்றன; பெட்ரோல் அவற்றைக் கெடுத்துவிடும், கம்பி பிரஷ் கிழித்துவிடும். மண்ணெண்ணெய் நல்லது, ஆனால் அது கிடைப்பதே அரிதாகிவிட்டதால் கடையில் விற்கும் செயின் கிளீனரும் வீட்டில் ஒதுக்கிய பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். துடைத்து உலரவிட்ட பின் லூப் எனப்படும் செயின் மசகெண்ணெயைச் செயினின் உட்புறத்தில் அடித்தால், சுழலும் விசையில் அது வெளிப்புறத்துக்குத் தானே பரவும். ஓட்டிவிட்டு வந்து செயின் சூடாக இருக்கும்போது அடித்தால் இன்னும் நன்றாக இறங்கும்.

தொய்வு பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றியபடி நான்கைந்து இடங்களில் அளந்து பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீள்வதில்லை. ஓரிடத்தில் இறுகியும் இன்னோரிடத்தில் தொங்கியும் இருக்கும். இறுகிய இடத்தில் நிறுத்தி, கையேட்டில் சொன்ன அளவுக்கு வைக்க வேண்டும். தொங்கும் இடத்தில் வைத்து இறுக்கினால், அந்த இறுகிய பகுதி சுற்றி வரும்போதெல்லாம் கியர்பாக்ஸின் வெளித்தண்டு பேரிங்கை இழுத்துக்கொண்டே இருக்கும். செயின் சில ஆயிரம் ரூபாய், அந்த பேரிங்கை மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும். இரண்டு இடங்களுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் செயினுக்கு வயதாகிவிட்டது. அப்போது செயின் ஓடும் பற்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள், புதுச் செயினைப் பழைய பற்களில் மாட்டுவது வீண் செலவு.

ஆயில் மாற்றுவது எளிய வேலைதான், ஆனால் அதிலேதான் நான் அவமானப்பட்டேன். வாங்கிய முதல் ஆண்டில், வீட்டு வாசலில் நானே 15 டபிள்யூ 50 ஆயிலை மாற்றிவிட்டு, ட்ரெயின் போல்ட்டை மாட்டினேன். போதும் என்று கை சொல்லிற்று. எதற்கும் இன்னும் கொஞ்சம் என்று மனம் சொல்லிற்று. ஸ்பேனரை ஓர் அழுத்து அழுத்தியபோது, இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றியது. எஃகு போல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எஞ்சினின் அலுமினியக் கூட்டில் மரை போய்விட்டது. தெருமுனை லேத்துப் பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து, துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளை அதில் இறக்கிக் காப்பாற்றினார். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, கிளம்பும்போது "சார் கம்ப்யூட்டர் வேலையா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே போய் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். கையேட்டில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எண் போட்டிருக்கிறது. அந்த எண் வந்ததும் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும். உங்கள் முதல் கருவி அதுவாக இருக்கட்டும்.

முன்பக்கத்தில் பார்க்க வேண்டியது கோன் செட் என்ற ஸ்டீயரிங் பேரிங். குழிகளில் அடிவாங்கும் எந்த வண்டிக்கும் ஸ்டீயரிங் பேரிங் தேயும், உயரமான முன்சக்கரத்தோடு கல்பாதையில் இறங்கும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம் தேயும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நண்பர் ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்புங்கள். ஹேண்டிலை இடமிருந்து வலமாக ஒரு விரலால் தள்ளும்போது நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் சிக்கினால் கோன் செட் போய்விட்டது. ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டக்' என்று தட்டினால் அது தளர்ந்திருக்கிறது. ஸ்போக்ஸ் விஷயத்தில் காது போதும்: சிறிய ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தால் இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மட்டும் மந்தமாகச் சத்தமிடும். ரிம்மில் கோட்டம் விழுந்துவிட்டால் அதை எடுக்கத் தெரிந்த பழைய சைக்கிள் கடைக்காரரையோ கைராசிக்கார மெக்கானிக்கையோ தேடிப் போங்கள். அந்தக் கலை நம் ஊர்களில் வேகமாக அருகி வருகிறது.

பிரேக் ஆயிலை யாரும் மதிப்பதில்லை. டாட் 4 திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. தரவரையறைப்படி புதிதாக இருக்கும்போது அது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகோ 155 டிகிரி வரை தாங்கினாலே தேர்ச்சி. வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி 40 வளைவுகளையும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறவரின் லீவர், பாதிவழியில் பஞ்சுபோல் அமுங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இறக்கத்தில் குறைந்த கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும் எஞ்சின் பிரேக்கை நம்புங்கள்.

டியூப் டயரைப் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சர் கடை தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில் அது தொல்லையே இல்லை. கொல்லிமலையில் இருட்டும் நேரத்தில் தொல்லை. ஒருமுறை அங்கே பின்சக்கரத்தை நானே கழற்றி, ஆணியை எடுத்து, டியூபை மாற்றி, கடைசியில் டயரை ரிம்முக்குள் தள்ளும் அவசரத்தில் டயர் லீவரால் புது டியூபையே கடித்துவிட்டேன். பவுடர் தூவி, டியூபில் லேசாகக் காற்று நிரப்பி, லீவரை ஆழமாக விடாமல், வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி வால்வில் வந்து முடிக்க வேண்டும் என்பதை அந்த இரண்டாவது பஞ்சர் எனக்குக் கற்பித்தது. மாற்று டியூப் ஒன்றுதான் எடுத்துச்செல்ல இடமிருக்கிறதென்றால் முன்சக்கரத்தின் 21 அங்குல டியூபை எடுத்துச் செல்லுங்கள்; அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்தில் மடித்துத் திணித்து ஊர் வந்து சேரலாம், 17 அங்குல டியூபை முன்னால் இழுத்து மாட்டுவது நடவாத காரியம்.

செய்த ஒவ்வொரு வேலையையும் தேதியோடும் கிலோமீட்டரோடும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறேன். அதோடு, மாற்றும் ஒவ்வொரு பாகத்திலும் மார்க்கர் பேனாவால் தேதி போடும் பழக்கமும் எனக்கு உண்டு. ஒருமுறை ஒரு பட்டறையில் சர்வீஸுக்கு விட்டபோது, ஏர் ஃபில்டர் மாற்றியதாகப் பில்லில் எழுதிக் காசும் வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், பதினான்கு மாதத்துக்கு முன் என் கையால் எழுதிய தேதி என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து, செய்துவிட்டோம் என்ற சொல்லையும் செய்ததையும் நான் ஒன்றாக எண்ணுவதில்லை.

அலுவலகத்திலும் இதே கதை நடந்தது. ஒரு திட்டத்தில், நிரல் சரியா என்று தானே பார்க்கும் தானியங்கிச் சோதனைகள் பல வாரங்களாகப் பச்சையாகவே, அதாவது தேறியதாகவே, இருந்தன. சந்தேகப்பட்டு, வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாக்கிப் பார்த்தேன், அப்போதும் பச்சை. கோப்புறை ஒன்றின் பெயரை யாரோ மாற்றியதில், சோதனைகளைத் தேடும் வரி எதையும் கண்டுபிடிக்காமல், பூஜ்யம் சோதனைகளை ஓட்டிவிட்டு எல்லாம் தேறியதாக அறிவித்துக்கொண்டிருந்தது. சோதனை ஒன்று சிவப்பாவதைக் கண்ணால் ஒருமுறை பார்க்காமல் அதன் பச்சையை நம்பாதீர்கள். மார்க்கர் பேனாவின் வேலை அதுதான்.

அடுத்து, பழுது கண்டுபிடிப்பது. ஓடை ஒன்றைக் கடந்து சேற்றில் உழன்று வந்த ஒரு மாலை, கூட வந்த நண்பரின் வண்டி நியூட்ரலில் நன்றாக ஸ்டார்ட் ஆயிற்று. முதல் கியர் போட்டதும் அணைந்தது. திரும்பத் திரும்ப அதே. சுற்றி நின்ற நான்கு பேரும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. போய்விட்டது, லாரி பிடித்து ஏற்ற வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். நியூட்ரலில் ஓடுகிறது என்றால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி வருகிறது, காற்றும் போகிறது. ஆகவே எஞ்சின் பக்கத்தை அப்படியே ஒதுக்கிவிடலாம். கியர் விழுந்ததும் மட்டும் அணைகிறது என்றால், கியர் விழுந்ததும் விழித்துக்கொள்ளும் உறுப்பு எது என்று தேட வேண்டும். சைட் ஸ்டாண்டைப் போட்டபடியே யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கிறது. அதில் சேறு அப்பிக்கொண்டு, ஸ்டாண்ட் மேலே இருந்தும் கீழே இருப்பதாக வண்டியை நம்பவைத்துக்கொண்டிருந்தது. அரை பாட்டில் தண்ணீரை ஊற்றி, ஸ்டாண்டைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டினோம். வண்டி கிளம்பியது, லாரி மிச்சம்.

சந்தேகத்துக்குரிய இடத்தைப் பாதி பாதியாக வெட்டிக் குறைக்கும் இந்த முறையை ஒரு கட்டளையாகவே தருகிறது, நிரலில் செய்யும் மாற்றங்களையெல்லாம் வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருள். பைசெக்ட் என்று அதற்குப் பெயர். எங்கள் பில்லிங் அறிக்கையில் மொத்தத் தொகை சில சமயம் ஒரு ரூபாய் குறைவாக வந்தது. மூன்று மாதத்துக்கு முன் வெளியிட்ட பதிப்பில் சரியாக இருந்தது. இடையில் சுமார் 900 மாற்றங்கள் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தால் ஒரு வாரம் ஆகும். நடுவிலுள்ள பதிப்பை எடுத்துச் சோதித்து, சரியென்றால் பின்பாதி, தவறென்றால் முன்பாதி என்று போனால் பத்து முறைக்குள் குற்றவாளி சிக்க வேண்டும். இரண்டின் பத்தாம் அடுக்கு 1024 ஆயிற்றே. தவறான மொத்தத்தைக் கண்டறியும் ஆறு வரி ஸ்கிரிப்டை எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது, மொத்தத்தை ஒருமுறை முழு ரூபாயாக்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியே முழு ரூபாயாக்கிய மூன்று வரி மாற்றம் திரையில் நின்றது. அதை எழுதியவர் யார் என்றும் காட்டியது, நான்தான்.

இது நடக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு மாற்றமும் சிறிதாக, தனித்து ஓடக்கூடியதாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை மூன்று நாள் வேலையை ஒரே மூட்டையாகக் கட்டி, 'சில திருத்தங்கள்' என்று குறிப்பெழுதிப் போடுகிறவருக்கு பைசெக்ட் மூட்டையைத்தான் காட்டும், உள்ளே எது கெட்டது என்று சொல்லாது. கிட்டின் கட்டளைகள் குழப்பமானவை என்று புலம்புவோருடன் நானும் சேர்ந்து புலம்புவேன். லினக்ஸ் கெர்னல் குழு இதே வேலைக்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமம் பறிபோனதும், 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவசரமாக எழுதத் தொடங்கிய கருவி அது. அந்த அவசரத்தின் தழும்புகள் இன்றும் தெரிகின்றன. ஆனாலும் முழு வரலாறும் உங்கள் கணினியின் வட்டிலேயே இருக்கிறது. இணையம் போனாலும், தவறுதலாக ஒரு கிளையை அழித்தாலும், ரீஃப்ளாக் என்ற பதிவேட்டைப் பார்த்து மீட்டுவிடலாம். கெட்ட நாளில் கைவிடாத கருவி என்று நான் சொல்வது இதைத்தான்.

நிரலைக் கட்டித் தரும் மேக் (make) என்ற கருவியை இளையவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் இருந்தே ஆக வேண்டும் என்ற அதன் விதி இன்றுவரை புதியவர்களை அழவைக்கிறது. அப்படியிருந்தும் என் ஒவ்வொரு திட்டத்திலும் அதற்கான கட்டளைகளை எழுதிய கோப்பான மேக்ஃபைல் ஒன்று உண்டு. எந்த மொழியில் எழுதியதாக இருந்தாலும், கட்டுவது, சோதிப்பது, ஓட்டுவது என மூன்று சொற்களை அடித்தால் வேலை நடக்கும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும் நானும் புதியவன்தானே.

இப்போது விம். வி எடிட்டரை பில் ஜாய் 1976இல் எழுதினார். அதன் வழிவந்த விம்மை பிராம் மூலனார் 1991இல் வெளியிட்டு, 2023இல் மறையும்வரை பேணிவந்தார். நிரலைத் திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் ஒரு வரி தெரியும். மென்பொருளுக்கு அவர் கேட்ட விலை அவ்வளவுதான். அவர் போன பிறகும் பிறர் அதை நடத்திவருகிறார்கள். இதற்கு நேர்மாறாக, பெருங்கூட்டம் விரும்பிப் பயன்படுத்திய ஆட்டம் (Atom) என்ற எடிட்டரை அதன் உரிமையாளரான கிட்ஹப் நிறுவனம் 2022 டிசம்பரில் நிறுத்தியது. நான் விம்மில் இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு: எந்த லினக்ஸ் சர்வரில் நுழைந்தாலும் அதுவோ அதன் அண்ணனான வி எடிட்டரோ அங்கே இருக்கும்; இருபது ஆண்டுப் பழக்கம் விரல்களில் ஏறிவிட்டது. இரண்டாவது காரணம் உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே உங்களை விம்முக்கு இழுக்கமாட்டேன். 2015இல் வந்த வி.எஸ். கோடு (VS Code) எடிட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட லேங்குவேஜ் சர்வர் நெறிமுறைக்குப் பிறகு, ஒரு சொல் எங்கே வரையறுக்கப்பட்டது, எங்கெல்லாம் பயன்படுகிறது என்று கண்டுபிடிக்கும் அறிவு எடிட்டருக்கு வெளியே தனி நிரலாகப் போய்விட்டது, விம்மும் வி.எஸ். கோடும் இன்று ஒரே சர்வரிடம் கேட்டுத்தான் பதில் சொல்கின்றன. எடிட்டர் சண்டையில் பாதி அன்றே முடிந்துவிட்டது. ஆனால் கோப்பைத் திறக்க, ஒரு வரியைத் திருத்த, சேமித்து வெளியேற வேண்டிய அளவுக்கு வி கற்றுக்கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்டத் தெரிந்திருப்பது போன்றது அது, தினமும் வேண்டாம்.

இன்னொரு கருவியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. காசு கொடுத்து வாங்கியதுதான். மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்த ஓரிரவில், அவசரத் திருத்தம் ஒன்று செய்ய லேப்டாப்பைத் திறந்தேன். உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும், இணையத்தில் இணையுங்கள் என்று அடம்பிடித்து, என் கோப்பையே காட்ட மறுத்தது. ஊருக்கு வந்ததும் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன்.

எடிட்டரை எக்ஸ்டென்ஷன்களால் நிரப்புவதும், வண்டியை ஆக்சஸரிகளால் நிரப்புவதும் ஒரே நோய். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின் பொதுக் களஞ்சியமான என்.பி.எம்.மிலிருந்து நீக்கியதும், அதை நம்பியிருக்கிறோம் என்றே அறியாத ஏராளமான திட்டங்கள் ஒரே நாளில் கட்டமுடியாமல் நின்றன. வண்டியில் இதன் மறுவடிவம் ஒயர் வேலை. கூடுதல் விளக்கு வேண்டுமென்றால் ரிலே, ஃப்யூஸ் வைத்து பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். அதை விடுத்து ஹெட்லைட் ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றும் கடைக்காரர்கள் அதிகம். முதல் அடைமழையில் அந்த முடிச்சைத் தேடி நீங்கள் வண்டியையே பிரிக்க நேரும். என் வண்டியில் கூடுதலாக இருப்பவை கிராஷ் கார்டு, பக்கவாட்டில் சாமான் கட்டும் ஸ்டாண்ட், ஒரு யு.எஸ்.பி. சார்ஜர். என் எடிட்டரில் இருப்பவையும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பயன்படுத்துகிறேன். தெரியாத மொழியில் தொடங்குவதற்கும், சலிப்பூட்டும் சோதனைகளை எழுதுவதற்கும் அவை நல்லவை. எனக்கு நானே வைத்த கட்டுப்பாடு ஒன்று: அது தந்த மாற்றத்தைத் திரையை மூடிவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரருக்கு வாயால் விளக்கிச் சொல்ல முடிந்தால் சேர்ப்பேன், தடுமாறினால் சேர்க்கமாட்டேன். நான்கு ஆண்டு அனுபவத்தில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு என்னைவிட அதிகம் தேவை. ஏனென்றால் எந்த இடத்தில் தப்பு நிகழும் என்ற மோப்பம், தானே பிரித்துக் கோத்துத்தான் வரும்.

கடைசியாக, எந்த வண்டி என்ற கேள்வி. 2023 நவம்பரில் ஹிமாலயன் 450 வந்துவிட்டது: 452 சிசி, நீரால் குளிரும் எஞ்சின், 40 குதிரைத்திறன், ஆறு கியர், 17 லிட்டர் டேங்க், கூகுள் வரைபடம் காட்டும் வட்டத் திரை. எல்லா வகையிலும் வேகமான, நவீனமான வண்டி. நெடுஞ்சாலையில் அதிகம் போவீர்கள், திறந்து பார்க்கும் ஆசை பெரிதாக இல்லை என்றால் அதையே வாங்கிக் கையேட்டின்படி சர்வீஸுக்கு விடுங்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஸ்பேனர் பிடித்துக் கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் பழைய 411 ஒன்றைத் தேடுங்கள். புதிதாக அது விற்பனையில் இல்லை, ஆனால் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரோ தண்ணீர் பம்போ கிடையாது. ஒரே கேம்ஷாஃப்ட், இரண்டே வால்வுகள், வால்வுகளின் டேப்பட் இடைவெளியை வைக்க, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் பொறுமையும் போதும். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் எனக்கு உதிரிபாகம் கிடைக்காமல் போன நாள் இல்லை.

பார்க்கப் போகும்போது காலையிலேயே போங்கள். வரும் முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சின் எழுப்பும் சத்தத்தை உங்களுக்குக் கேட்கவிடாமல் செய்திருக்கிறார் என்று பொருள். பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் அரிவாள் முனைபோல் ஒருபக்கம் சாய்ந்திருக்கின்றனவா, ஃபோர்க் குழாயில் ஆயில் வளையம் படிந்திருக்கிறதா, ரிம்மில் பள்ளம் இருக்கிறதா, ஹேண்டில் நடுவில் சிக்குகிறதா என்று பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் துரு தேடுங்கள். ட்ரெயின் போல்ட்டைச் சுற்றி ஆயில் கசிந்திருந்தால் என்னைப் போன்ற ஒருவர் அங்கே ஏற்கனவே கைவைத்திருக்கிறார். பிறகு சீட்டைக் கழற்றச் சொல்லி, ஒயர்களில் எத்தனை இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது என்று எண்ணுங்கள். சீட்டைக் கழற்ற மனம் வராத விற்பனையாளரிடம் விலை பேச உட்கார வேண்டாம்.